கூஜா ஓவியத்தைப் பார்க்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

பரணில் கிடந்த பித்தளைக் கூஜாவை அக்கா மகள் பென்சிலில் வரைந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "அந்தக் காலமே அந்தக் காலம்" என்று பதில்கள் குவிந்தன. நாம் செய்கிற முதல் தவறு இதுதான். பழைய பொருளைக் கண்டதும் ஏக்கம் முந்திக்கொள்கிறது, கண் அதோடு வேலையை முடித்துக்கொள்கிறது.

கூஜாவுக்கு ஏன் திருகு மூடி? ரயில் ஆட்டத்தில் தண்ணீர் சிந்தாமல் இருக்க. சரி, வீட்டுத் தண்ணீரை ஏன் அவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? சுத்தம் ஒரு காரணம். இன்னார் கை பட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்ற ஆசாரம் இன்னொன்று. அன்றைய தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களிலேயே 'பிராமணாள்', 'இதராள்' (மற்றவர்கள்) என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியார் தரப்பு விடாமல் எதிர்த்த பிறகு, 1941இல்தான் அது போனது. மூடியின் மரையை நாலு கோட்டில் ஒப்பேற்றிவிட்டால் இந்தக் கதைக்கான வாசலும் போய்விடும்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கூஜாவும் ஆசாரக் கூஜாதான் என்று முடிவுகட்டுவது அதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு. ஓட்டலில் காபி வாங்கிவரவும், ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோகவும் அதே கூஜாதான் பயன்பட்டது. பெரிய தலைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. வான்கா 1886இல் பாரிசில் ஒரு ஜோடி பழைய ஷூக்களை வரைந்தார். தத்துவவாதி ஹைடெக்கர் அதில் ஒரு விவசாயப் பெண்ணின் உழைப்பு முழுவதையும் கண்டார். அவை நகரத்தில் வாழ்ந்த வான்காவின் சொந்த ஷூக்கள் என்று 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பிரோ வாதிட்டார். ஹைடெக்கர் எழுதியது அழகான எழுத்துதான். ஆனால் ஷூ யாருடையது என்று முதலில் கேட்டிருக்கலாம்.

பொருளை வைத்திருந்தவரை நினைத்துவிட்டு, தூக்கியவரை மறப்பதும் உண்டு. பெரிய மனிதர் கைவீசி நடப்பார், பின்னால் ஒருவன் கூஜாவோடு போவான். அந்தப் பெரிய மனிதர்கள் போய்விட்டார்கள். 'கூஜா தூக்கி' மட்டும் இன்றைக்கும் நம் வாயில் வசவாக இருக்கிறது. அதனால் ஓவியத்தில் நான் முதலில் தேடுவது கைப்பிடியைத்தான்.

வரைகிறவர்கள் செய்வது வேறு: பொருளை அழகுபடுத்திவிடுவார்கள். நெளிவு நிமிர்ந்துவிடும், களிம்பு மறைந்துவிடும், பின்னால் வெள்ளைத்தாள் மட்டும் நிற்கும். எங்கள் பெண் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருந்தாள். கூஜாவின் தோளில் 'ரா. செ.' என்று பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாகப் போடுவார்களே, அந்த எழுத்து. கேட்டதற்கு, "கோணல்மாணலா இருந்துச்சு சித்தி, விட்டுட்டேன்" என்றாள்.

'செ' என்பது என் பாட்டி செல்லம்மாள். தாத்தா பெயர் 'ரா'வில் தொடங்காது. பாட்டியின் அப்பா பெயர்தான் ராமசாமி. அப்படியானால் கூஜா அவள் பிறந்த வீட்டுச் சீரோடு வந்தது. எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் அதைத் 'தாத்தா கூஜா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.