நச்சை முறிக்கும் துணி: ஆய்வகத்தில் நிகழும் தவறுகள்

வேதி ஆயுதங்களிலிருந்து காக்கும் உடைகளில் நெடுங்காலமாக இருந்து வருவது கிளர்வூட்டிய கரி. அது நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழிக்காது. கழற்றிப் போட்ட உடையே அப்புறம் ஆபத்தாகிவிடும். அதனால்தான் நச்சைத் துணியிலேயே சிதைக்கப் பார்க்கிறார்கள். இதில் அதிகம் பேசப்படுபவை சிர்கோனியம் கலந்த உலோக-கரிமக் கட்டமைப்புகள், அதாவது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த, நுண்துளைகள் நிறைந்த வினையூக்கிகள். 2025 வேதியியல் நோபல் பரிசு இந்த வகைப் பொருள்களை உருவாக்கியதற்காகத்தான் தரப்பட்டது.

இந்தத் துறையில் அடிக்கடி நிகழும் தவறு, குடுவையில் கிடைத்த வேகத்தைத் துணியின் வேகமாக எழுதிவிடுவது. நரம்பு நச்சின் போலியை, அதாவது சோதனைக்காக அதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஆபத்துக் குறைந்த பொருளை, வினையூக்கி சில நிமிடங்களில் பாதியாகக் குறைத்தது என்று ஆய்வேடு சொல்லும். ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் காரத்தன்மையுள்ள, எத்தில்மார்போலின் என்ற காரப் பொருள் கலந்த நீரில் நடந்திருக்கும். உடுத்தும் துணியில் அந்த நீரும் இல்லை, காரமும் இல்லை. பாலிஎத்திலீன்இமைன் போன்ற காரப் பாலிமரை இழையிலேயே சேர்த்து, காற்றின் ஈரத்தைக் கொண்டு வினை நடக்கச் செய்வது உருப்படியான வழி. எப்படியானாலும் உண்மையில் அளக்க வேண்டியது துணியைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்பதைத்தான். பாதி சிதைந்தது என்றால் மீதிப் பாதி இன்னும் அங்கேயே இருக்கிறது!

போலிப் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. டைமெத்தில் மெத்தில்பாஸ்போனேட் என்ற போலி, சாரின் என்ற நரம்பு நச்சு துணியில் எப்படி ஒட்டும் என்பதை ஓரளவு காட்டும். ஆனால் சாரினில் உள்ள பாஸ்பரஸ்-புளோரின் பிணைப்பு அதில் கிடையாது. அதனால் சிதைவு வேகத்தை அதைக்கொண்டு சொல்ல முடியாது. உண்மையான நச்சுகளை அனுமதி பெற்ற ஆய்வகங்களே கையாள முடியும் என்பதால், கடைசிச் சோதனையை அங்கேதான் செய்ய வேண்டும்.

நச்சு மறைந்துவிட்டது என்பதோடு நிறுத்துவது இன்னும் மோசம். கந்தகக் கடுகு வாயு அளவாக ஆக்சிஜனேற்றம் பெற்றால் நச்சு வெகுவாகக் குறைந்த சல்பாக்சைடு கிடைக்கும், அளவு மீறினால் கொப்புளம் உண்டாக்கும் சல்போன் கிடைக்கும். விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு நீரால் சிதையும்போதும் எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதைப் பொறுத்து, நச்சுள்ள விளைபொருள் மிஞ்சலாம். என்ன மீந்தது என்று பார்க்காத சோதனை அரைகுறைதான்.

வினையூக்கித் தூளைத் துணியில் நிறுத்த அதிகப் பசை போட்டால் நுண்துளைகள் அடைபடும். குறைத்துப் போட்டால் துவைக்கும்போது உதிரும். வியர்வையும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் வினையூக்கியை மந்தமாக்கலாம். ஆகவே புதுத் துணியை மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது.

அப்புறம் வெப்பம். வியர்வை ஆவி வெளியேறாத உடையைப் போட்டுக்கொண்டு உழைப்பவர் நச்சுக்கு முன்பே வெப்பத்தால் சாய்ந்துவிடலாம். தையல், ஜிப், கழுத்துப்பட்டை ஆகியவற்றையும் முழு உடையாக வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு துண்டுத் துணியில் இவை எதுவும் தெரியாது.