வெளிப்புற டிஸ்க் இருந்தால் தடுமாறும் கம்பியில்லா விசைப்பலகை

வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு கணினியை ஹெச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து, படங்களை ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளை நிறுவினேன். படமும் ஒலியும் உடனே வந்துவிட்டன. நாட்களை விழுங்கியது கம்பியில்லா விசைப்பலகைதான்.

சோபாவில் அமர்ந்து தட்டினால் எழுத்துகள் விடுபட்டன. சில நேரம் ஒரே எழுத்து வரிசையாக விழுந்தது. கணினிக்கு அருகில் போனால் எந்தக் குறையும் இல்லை.

பேட்டரியை மாற்றினேன், விசைப்பலகையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். வேறொரு விசைப்பலகையும் அதே பாட்டைத்தான் பாடியது.

ஒரு மாலை, படங்கள் இருந்த வெளிப்புற ஹார்டு டிஸ்கைக் கழற்றியிருந்தேன். அன்று ஓர் எழுத்துகூட விடுபடவில்லை! டிஸ்கை மாட்டியதும் தடுமாற்றம் திரும்பியது. டிஸ்க் இருந்தது நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், விசைப்பலகையின் சமிக்ஞையை வாங்கும் சிறு ரிசீவர் அதை ஒட்டிய துளையில். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும் என்று சிப் நிறுவனமான இன்டெல் 2012இலேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. விசைப்பலகை பேசுவதும் அதே அலைவரிசையில்தான்.

ரிசீவரை வேறொரு துளைக்கு மாற்றியபோது பாதிதான் சரியானது. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிளில் அதைச் செருகி, தொலைக்காட்சி மேசையின் முன்விளிம்பில், சோபாவைப் பார்த்தபடி ஒட்டினேன். தடுமாற்றம் அடியோடு நின்றது. அப்பாடா!

கேபிள் வாங்கும்போது 2.0 வகையே போதும். டிஸ்கின் கேபிள் மட்டும் ரிசீவரை உரசாமல் தள்ளியிருக்கட்டும்.