தேவிகுளம் பக்கம் கிராமசபையில் கோரிக்கை வைப்பது எப்படி?

கேரளத்தில் கிராமசபை வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய அச்சபைக்கு வார்டு மெம்பரே அழைப்பாளர். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது என்பதால், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்களைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். ‘தண்ணீர் வரவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். எந்த லயம், எத்தனை வீடு, எந்தக் குழாய் என்று எழுதிக் கொடுத்து, அது தீர்மானமாக மினிட்ஸில் (கூட்டக் குறிப்பேட்டில்) ஏறியதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

மலையாளம் எழுத வராதே என்ற தயக்கம் தேவையில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்றும், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்றும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. மனுவின் நகலில் மட்டும் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.