"சிறு பிள்ளையைப்போல்": நாம் தவறவிடும் இடங்கள்

ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஜெபம் பண்ணினான்: "இயேசப்பா, எங்க ஆட்டுக்குட்டி பால் குடிக்க மாட்டேங்குது. குடிக்க வைங்க. ஆமென்." நானும் ஆமென் சொல்லி விட்டிருக்க வேண்டும். "முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும், அப்புறம்தான் கேக்கணும், கடைசியில இயேசுவின் நாமத்தில்னு முடிக்கணும்" என்று திருத்தினேன். அடுத்த வாரம் அவன் வாயே திறக்கவில்லை. பல வருடம் ஆகியும் அது எனக்கு உறுத்துகிறது. அவனிடம் நான் கற்க வேண்டியது இருந்தது; நான் கற்றுக்கொடுக்கப் போய்விட்டேன்.

தேவனுடைய ராஜ்யத்தைச் சிறு பிள்ளையைப்போல் ஏற்றுக்கொள்ளாதவன் அதில் பிரவேசிக்கமாட்டான் என்று இயேசு சொன்னார். இந்த மாதிரித் தவறுகளில் பெரியது, அந்தச் "சிறு பிள்ளையைப்போல்" என்பதன் அர்த்தத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் கள்ளங்கபடம் இல்லாதவர்கள், நாமும் அப்படி ஆக வேண்டும் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். ஒரு கலர் பென்சிலுக்காக இரண்டு பிள்ளைகள் முடியைப் பிடித்து இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது பொருந்தவில்லை என்று தெரியும். இயேசுவுக்கும் தெரியும். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் அவர் காட்டுவது, "குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை" என்று சந்தைவெளியில் குறைசொல்லும் பிள்ளைகளை.

அப்படியானால் அவர் எதைச் சொன்னார்? அன்றைய உலகில் பிள்ளையின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அலெக்சாந்திரியாவில் வேலைக்குப் போன கணவன் மனைவிக்கு எழுதுகிறான்: பிறப்பது ஆண் என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே போட்டுவிடு. யூதர்கள் இந்தப் பழக்கத்தை வெறுத்தார்கள். ஆனாலும் பெரியவர்கள் கூடிய இடத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பு இல்லை என்பதற்கு, இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியதே சாட்சி. தங்களில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாதாடி வந்த அதே சீஷர்கள் நடுவில்தான், கப்பர்நகூமில், இயேசு ஒரு பிள்ளையை நிறுத்தினார்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் அவரிடம் கொண்டுவரப்பட்டவர்கள் கைக்குழந்தைகள். அவர்கள் உபவாசம் இருந்ததில்லை, தசமபாகம் கொடுத்ததில்லை, ஒரு வசனம்கூடத் தெரியாது. யாரோ தூக்கி வந்தார்கள், அவர் தொட்டார், அவ்வளவுதான். மாற்கு இந்தச் சம்பவத்தை முடித்த கையோடு, "நான் என்ன செய்யவேண்டும்" என்று ஓடிவந்து கேட்கும் பணக்காரனைக் கொண்டுவருகிறார். கொடுப்பதை வாங்கிக்கொள்ள அவனுடைய கை காலியாக இல்லை. பையன் ஆட்டுக்குட்டிக்காகக் கேட்டபோது அவன் கை காலியாக இருந்தது.

இன்னொரு தவறு, பிள்ளையைப்போல் விசுவாசிப்பது என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்று நினைப்பது. எந்தப் பிள்ளை கேள்வி கேட்காமல் இருக்கிறது? யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்திலேயே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள் என எதிர்பார்த்து, பதிலும் சொல்லித்தரப்படுகிறது. இன்றும் யூதக் குடும்பங்களில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா இரவில், வழக்கமாக வீட்டின் கடைசிப் பிள்ளைதான் அந்தக் கேள்விகளைக் கேட்கிறது. பவுலும் "புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள்" என்றுதான் எழுதினார்.

"தாத்தா சரியாகணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துட்டாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். அதே கேள்வி நமக்குள்ளும் இருக்கிறது. நாம் கேட்கப் பயப்படுகிறோம். "எனக்கும் தெரியலை கண்ணு, எனக்கும் அழுகை வருது, சேர்ந்து இயேசப்பாகிட்டயே கேப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். சங்கீதக்காரர்களும் "ஏன்", "எதுவரைக்கும்" என்று தேவனிடமேதான் கேட்டார்கள்.

சேட்டை பண்ணினால் "இயேசப்பா அடிப்பாரு" என்று மிரட்டுவதையும் விட்டுவிடலாம். அந்தப் பயம் வளர்ந்த பிறகும் லேசில் போகாது.

கடைசியாக, பிள்ளைகளை மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையைக் கையில் கொடுத்து முன்னால் நடக்கவிடுகிறோம். அடுத்த வாரம் அதே பிள்ளை ஆராதனையில் சத்தம் போட்டால் முறைக்கிறோம். தேவாலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தபோது பிரதான ஆசாரியருக்குக் கோபம் வந்தது. இயேசுவோ பிள்ளைகள் பக்கம் நின்று, 8ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினார். சீஷர்கள் பிள்ளைகளைத் தடுத்தபோது அவர் விசனமடைந்தார் என்றே மாற்கு எழுதுகிறார்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது, அழுகிற குழந்தையோடு செருப்புகள் கிடக்கும் வாசலிலேயே நிற்கிற ஒரு அம்மாவைப் பார்த்தால், உள்ளே கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள்.