கிளிப் போட்ட பிறகு சாப்பாட்டில் செய்யக்கூடாத தவறுகள்

போன ஆனி மாதம் என் மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டோம். தருமபுரியில் சாயங்காலம் நான்கு மணிக்கு வேலை முடிந்தது. வருகிற வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "வலியே இல்லம்மா" என்றாள். ராத்திரி முறுகலாகத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

தவறு என்னுடையதுதான். கிளிப் போட்ட உடனே வலிக்காது. கம்பி பல்லை அழுத்தத் தொடங்கி, வேரைச் சுற்றியுள்ள சதை அந்த அழுத்தத்தில் புண்பட்டு வீங்கச் சில மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மறுநாள்தான் வலி உச்சத்தில் இருக்கும். பிறகு ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறையும். அதனால் அன்று ராத்திரிக்குக் குழைந்த சாதமோ இட்லியோ போதும். வலி மாத்திரை எது, எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் அங்கேயே கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, பிள்ளைக்கு வலிக்கிறதே என்று பாலும் பிஸ்கட்டுமாகவே ஒரு வாரத்தை ஓட்டுவது. பிஸ்கட் மென்மையானதுதான், ஆனால் ஊறி மாவாகிக் கம்பிக்கு அடியில் அப்பிக்கொள்ளும். அதில் சர்க்கரையும் இருக்கிறது. வலிக்குப் பயந்து பல்லும் துலக்காமல் விட்டால் கிளிப்பைச் சுற்றிப் பல் அரிக்கத் தொடங்கி, கடைசியில் கிளிப்பைக் கழற்றும்போது வெள்ளைத் தழும்பு நிற்கும்.

மெல்லாமல் சாப்பிடக்கூடிய சாப்பாட்டை நம் ஊர்ப் பக்கத்தில் வெளியே தேட வேண்டியதே இல்லை. கேழ்வரகுக் களியை யாராவது மென்று தின்கிறார்களா? சின்னதாக உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே வழக்கம். அந்த முதல் மூன்று நாள் என் மகளின் வயிற்றை நிறைத்தது களியும் கீரைக் கடைசலும்தான். கொஞ்சம் தளர்வாகக் கிண்டி, நன்றாக ஆறவிட்டுக் கொடுத்தேன். ஆறவிடுவதற்கும் காரணம் உண்டு. தொடக்கத்தில் போடுகிற மெல்லிய கம்பிகளில் ஒரு வகை, வெப்பம் பட்டால் விறைத்துப் பல்லை இன்னும் அழுத்தும், குளிர்ச்சியில் தளரும். காலையில் மோர் கரைத்த கூழ் அவளுக்கு இதமாக இருந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத்தையும் வறுத்த மோர் மிளகாயையும் மட்டும் அந்த வாரம் தள்ளி வையுங்கள்.

கிளிப்பை நிஜமாகவே உடைக்கிற தவறு இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் நடக்கும். வலி இருக்கிறவரை பிள்ளைகள் தாமாகவே கவனமாக இருப்பார்கள். வலி போனதும், கிளிப் பழகிவிட்டது, இனி எதையும் கடிக்கலாம் என்று தோன்றிவிடும். எங்களுக்கு அது மாங்காய்க் காலம் வேறு. பள்ளிக்கூட வாசலில் கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பார்கள். முன்பல்லால் ஒரு கடி கடித்தாள், 'டக்'கென்று சத்தம். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினால், கீழ்வரிசையில் ஒரு பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடித்து வைக்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு, பல்லை விட்டு வந்து, நூலில் கோத்த மணி மாதிரி கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

சிகிச்சை முடிந்ததும் பல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும் என்பதால், பிராக்கெட்டை ஒட்டுகிற பசை ஓரளவுக்குத்தான் பிடிக்கும். முன்பல்லால் கடித்து இழுக்கிற பழக்கத்தை அது தாங்காது. மாங்காய் வேண்டுமென்றால் துருவிச் சாப்பிடலாம். பழத்தைத் துண்டு போட்டுப் பின்பல்லால் மெல்லலாம்; கொட்டையைச் சப்பினால் நார் முழுக்கக் கம்பியில் சிக்கிக்கொள்ளும். கொய்யா, சோளக்கதிர், கோழிக்கால் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: கத்தியால் அறுத்தோ கையால் பிய்த்தோ வாயில் போட வேண்டும். பரோட்டாவைச் சால்னாவில் ஊறவிடுங்கள். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், நல்லி எலும்பு, ஐஸ் கட்டி இவற்றைக் கிளிப் இருக்கும்வரை தொடவே வேண்டாம்.

பிராக்கெட் கழன்றால் பிடித்து இழுக்காதீர்கள். குத்துகிற இடத்தில் கிளிப்போடு கொடுத்த மெழுகை உருட்டி ஒட்டிவிட்டு, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 'அடுத்த மாதம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், அந்தப் பல் அதுவரை நகராமல் நிற்கும், மொத்தச் சிகிச்சையும் நீளும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை இருக்கும். பல் உருவாகும் வயதிலேயே படிந்த கறை அது. பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. அப்படிப்பட்ட பல்லில் பிராக்கெட் பசை சரியாகப் பிடிப்பதும் கடினம். என் தம்பிக்கு அந்தக் கறை உண்டு. முப்பது வயதில் கிளிப் போட்டான். கஞ்சியும் சாதமுமாகவே சாப்பிட்டும் ஒரே மாதத்தில் இரண்டு கழன்றன. தான்தான் எதையோ தவறாகத் தின்றுவிட்டோம் என்று அவன் மருகிக்கொண்டிருந்தான், பாவம். சிறுவயதில் எந்த ஊரில், என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல்லை அதற்கேற்றபடி தயார் செய்து ஒட்டுவார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்து வைக்கிற ரப்பர் வளையம் நிறமில்லாததாக இருந்தால், மஞ்சள் தூள் பட்டு சீக்கிரமே மஞ்சளாகிவிடும். குழம்பு சாப்பிடுகிற வீட்டில் சாம்பல் நிறமோ நீலமோ கேட்டு வாங்குவது நல்லது.

பொங்கலுக்கு வீட்டில் எல்லோரும் கரும்பு கடித்தபோது என் மகள் மட்டும் ஏக்கமாகப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய்ச் சாறு பிழிந்து வாங்கி வந்தேன், ஐஸ் போடாமல். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனாள்.