ஐப்பசியில் ஒட்டு, மாசியில் பெயிண்ட் அடி: பழைய கார் மாடல் கிட் செய்யும் முறை

கார் மாடல் கிட் என்பது, பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடித்து நாமே உருவாக்கும் குட்டி கார். அதைச் செய்வது எப்படி என்று கேட்டால் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பலவும் ஏசி அறையிலோ குளிர்நாட்டிலோ எடுத்தவை. அதைப் பார்த்துக் கும்பகோணத்திலோ திருவாரூரிலோ அடைமழை நாளில் ஸ்ப்ரே டப்பாவை அழுத்தினால் பெயிண்ட் வெளுத்துப்போகும். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் எந்த மாதத்திலும் செய்யலாம். பெயிண்ட்டுக்கு மட்டும் டெல்டாவில் மாதம் பார்க்க வேண்டும்.

எந்த கிட்

கார் கிட்களில் அதிகம் கிடைப்பது 1/24 அளவு. நிஜ வண்டியின் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். அமெரிக்க கார்கள் பெரும்பாலும் 1/25-இல் வரும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

முதல் வண்டிக்கு என் சிபாரிசு, டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டில், 1966 மாடல். நிஜ பீட்டில் நான்கு மீட்டருக்குச் சற்று மேல், இது சுமார் 17 சென்டிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே நிறம், குரோம் வேலை குறைவு. 1950களின் அமெரிக்க வண்டிகள் படத்தில் அழகாக இருக்கும். இரட்டை நிறமும் குரோம் பட்டைகளும் புதியவரைப் படுத்தி எடுத்துவிடும். அம்பாசடர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், கடையில் கிடைக்கும் சென்டி கம்பெனியின் பொம்மை அம்பாசடரைக் கழற்றி மறுபெயிண்ட் அடிக்கலாம். கை பழக அதுவும் நல்ல வழிதான்.

வாங்க வேண்டியவை

பிளாஸ்டிக் வெட்டும் நிப்பர், கட்டர் கத்தி, 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), மாஸ்கிங் டேப், இரண்டு மெல்லிய பிரஷ். வாட்டர் பேப்பர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஒட்டுவதற்கு டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட். இது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால். ஃபெவிக்விக்கைக் கண்ணாடி பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டால் வெள்ளை பூத்துவிடும்.

பெயிண்ட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கிட்டுக்கென்றே வரும் ஸ்ப்ரே வாங்குங்கள். டாமியாவில் டிஎஸ் (TS) என்று தொடங்கும் டப்பாக்கள். பிஎஸ் (PS) என்று தொடங்குபவை ரிமோட் கார் உடம்புக்கானவை, மாற்றி வாங்கிவிட வேண்டாம். வண்டிப் பட்டறையில் புழங்கும் என்.சி. தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

கழுவி, வெட்டி, தேய்த்து

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் எண் போட்டுத் தொங்கிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டிக் குவித்தால் எது எதுவென்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். சட்டத்தோடு சேர்த்து, விம் கலந்த தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர் என்றால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். நிழலில் உலர்த்துங்கள்.

வெட்டும்போது இரண்டு வெட்டு. முதல் வெட்டு பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாவது ஒட்டி. மிஞ்சும் முனையைக் கத்தியால் சீவி வாட்டர் பேப்பரால் தேய்த்துவிடலாம்.

அப்புறம் வருவதுதான் பலரும் தாண்டிப்போகிற வேலை. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் கார் உடம்பின் மேல் மெல்லிய கோடு ஓடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மட்கார்டின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். 600-இல் தொடங்கி 1000-இல் முடித்து, நகம் தட்டாத வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். சுவாமிமலையில் வார்ப்பிலிருந்து எடுத்த சிலையை அப்படியே விற்றுவிடுவதில்லை, அரம் போட்டு, செதுக்கித்தான் முகத்துக்கு உயிர் வரும். இதுவும் அந்த மாதிரி வேலைதான். கதவு, பானெட்டைச் சுற்றியுள்ள கோடுகளைக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் மெதுவாக இரண்டு முறை இழுத்து ஆழப்படுத்துங்கள். பெயிண்ட் ஏற ஏற அவை தூர்ந்துபோகும்.

உடம்புக்கு முதலில் பெயிண்ட்

கையேடு பெரும்பாலும் இன்ஜினில் தொடங்கும். அதைக் கேட்காதீர்கள். உடம்பு காயத்தான் நாள் பிடிக்கும், ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு, காய்கிற நாட்களில் இன்ஜின், சீட், அடிப்பாகம் பாருங்கள்.

டிஎஸ் ஸ்ப்ரே லாக்கர் வகை. லாக்கர் பெயிண்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பளபளக்க வேண்டிய சிவப்பு வெளிறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் இது கட்டாயம் நடக்கும். ஈரமானி ஒன்று வாங்கி வைத்து, 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடாமல் இருப்பது உத்தமம். வெளுத்துப்போனால் உடனே சுரண்ட வேண்டாம். வறண்ட நாளாகப் பார்த்து அதே நிறத்தை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் கீழே உள்ளதும் இளகிப் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஈரம் மட்டும்தான் எதிரி என்று நினைக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், ஸ்ப்ரே எம்மாத்திரம். மார்கழியில் காலைப் பனி. தையில் சம்பா அறுவடை. வயலை ஒட்டிய வீடு என்றால் அறுவடை மெஷின் கிளப்பும் தூசு மாடி வரை வரும். அக்னி நட்சத்திர மதியத்தில் பெயிண்ட் வண்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து சொரசொரவென்று விழும். மாசி, பங்குனியில் பத்து மணிக்கு மேல், காற்று அடங்கிய நாள் தோது. இரவில் விளக்கு போட்டு அடிக்கவே கூடாது. நெல் பயிர் நிற்கும் காலத்தில் விளக்கைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி ஈரப் பெயிண்ட்டில் வந்து உட்காரும். எடுக்கப்போனால் கால் மட்டும் பானெட்டில் தங்கிவிடும்.

இனி அடிக்கும் முறை. காலி தண்ணீர் பாட்டிலின் மேல் டேப்பைச் சுருட்டி ஒட்டி அதில் உடம்பைக் கவிழ்த்து நிறுத்துங்கள். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும். முதலில் பிரைமர்: பொதுவாகச் சாம்பல் நிறம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வெள்ளை. விட்டுப்போன கீறல்களை பிரைமர் காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்து இன்னொரு கோட்.

நிற டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துக் குலுக்கினால் சீராகப் பீச்சும். அடுப்பில் காட்டவோ கொதிநீரில் போடவோ கூடாது, வெடித்துவிடும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வண்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்துபோய், வெளியே விடுங்கள். முதல் கோட்டில் அடியில் உள்ள பிரைமர் தெரிந்தால் பதற வேண்டாம், தெரியத்தான் வேண்டும். கால் மணி நேரம் விட்டு இரண்டாவது. மூன்றாவது கோட் சற்று ஈரமாக, பளபளக்கும்படி. உடனே ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவிடுங்கள்.

மொட்டை மாடியோ திறந்த தாழ்வாரமோதான் இதற்கு இடம். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம். சாதாரணத் துணி மாஸ்க்கும் என்95-ம் இந்த ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்று வரும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், ரேகை பதியும். மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். பெயிண்ட் வாசம் வருகிறவரை காயவில்லை. ஒரு வாரம் விட்டால் நல்லது. பிறகு 2000 எண் தாளால் தண்ணீரில் லேசாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டு மெருகேற்றலாம். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே கை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாகங்கள்

ஒட்டும்போது இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷின் நுனியை இடுக்கில் தொட்டால் போதும், சிமெண்ட் தானே ஓடிப் பரவும். பெயிண்ட்டும் குரோம் முலாமும் உள்ள இடத்தில் இது பிடிக்காது; ஒட்டும் புள்ளியை மட்டும் சுரண்டிவிடுங்கள். சின்ன பாகங்களுக்கு எனாமலைப் பிரஷ்ஷால் தீட்டலாம். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். ஜன்னல் ஓரத்துப் பட்டைகளுக்குக் குரோம் மார்க்கர் பேனா போதும். டயரின் தரை படும் பகுதியை வாட்டர் பேப்பரில் ஒருமுறை உருட்டித் தேய்த்தால் புது ரப்பர் மினுமினுப்பு போய் ஓடிய வண்டிபோல ஆகிவிடும்.

நம்பர் பிளேட் உங்கள் இஷ்டம். தஞ்சாவூருக்கு டிஎன் 49, கும்பகோணத்துக்கு டிஎன் 68. பழைய வண்டி என்பதால் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தாக ஸ்டிக்கர் தாளில் அடித்து ஒட்டினால் பொருத்தம். சொந்த வண்டிகளுக்கு அப்போது அப்படித்தான் இருந்தது. முடித்த வண்டியைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். அந்த அலமாரியில் பாச்சை உருண்டை கிடந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், அதன் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.