குவைத் பாலையில் ஃபகா தேட: இடியை எவ்வளவு நம்பலாம்?

பாலைவன மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போல விளையும் காளானைக் குவைத்தில் ஃபகா என்பார்கள். விதைப்பாரில்லை, செடியும் கண்ணில் படாது. அதனால் இடி இடித்த இடத்தில்தான் அது பிறக்கிறது என்பது பாலைவன நாடோடிகளான பதூயின் மக்களின் பழைய நம்பிக்கை. இடி விழுந்த இடத்தைத் தேடி அலைய வேண்டாம். இடித்த தேதியை மட்டும் குறித்து வையுங்கள்.

அக்டோபர் நடுவில் தொடங்கும் 52 நாள் 'வஸ்ம்' பருவம். அப்போது இடியோடு நல்ல மழை பெய்தால் ரக்ரூக் என்ற குட்டைச் செடி முளைக்கும். அதன் வேரோடு ஒட்டித்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. வஸ்ம் பொய்த்துப்போய் ஜனவரியில் வானம் பிளந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. செடி வேர்பிடிக்க வேண்டிய காலம் போய்விட்டது. மின்னல்தான் மண்ணுக்கு உரமேற்றுகிறது என்பாரும் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், மழைத் தேதியே போதும்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தேடலாம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். மண்ணின் சிறு புடைப்புக்கும் அப்போது நிழல் விழும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். ரக்ரூக் செடியைச் சுற்றி, மண் மேலெழும்பி வெடித்திருக்கிறதா பாருங்கள். வெடிப்பின் நடுவில் குத்தாதீர்கள். சற்றுத் தள்ளி மழுங்கிய குச்சியைச் சாய்வாக விட்டு நெம்புங்கள். காயம்பட்டது சீக்கிரம் அழுகும். எடுத்ததும் குழியை மூடுங்கள்.

ஈராக் படையெடுத்த 1990-91 போரில் புதைத்த கண்ணிவெடிகள் மழையில் மண் கரைந்து வெளியே வருவதுண்டு. வேலியிட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள். எந்த உலோகத்தையும் தொடாதீர்கள்.

சந்தையில் வாங்குவதானால் வெண்மையான ஸுபைதி வகை ஃபகாவுக்கு விலை அதிகம். கையில் கனமாக, அழுத்தினால் கெட்டியாக, புழுத்துளை இல்லாமல் இருக்க வேண்டும். சமையலைக் கெடுப்பது மணல்தான். அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். பிறகு தோலைச் சீவி, பிளவு இருக்கும் இடத்தில் வெட்டித் திறந்து மறுபடி கழுவுங்கள். உப்புப் போட்டு 20 முதல் 30 நிமிடம் வேகவைத்தால் ஆட்டிறைச்சிச் சோற்றில் சேர்க்கலாம். மிஞ்சியதை வெந்தபின் உறையவைக்கலாம்.

ஃபகாவின் நீர் கண்ணுக்கு மருந்து என்று ஹதீஸில் (நபிமொழியில்) வருவதால் சாற்றைப் பிழிந்து கண்ணில் விடுவோர் உண்டு. வீட்டில் பிழிந்த சாற்றில் நுண்மணலும் கிருமியும் இருக்கும், கண்ணில் விடாதீர்கள். வேகவைத்த தண்ணீரை வடிகட்டி, அதிலேயே சோறு வடியுங்கள்.